வெளியிலிருந்து வாங்கிய முப்பரிமாண மாதிரியைப் பாய்ம ஓட்டக் கணிப்புக்குத் தயார் செய்வது எப்படி?

வேறொருவர் வரைந்த முப்பரிமாண மாதிரி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் நீரோ, அதைச் சுற்றிக் காற்றோ எப்படி ஓடும் என்று கணினியில் கணித்துப் பார்க்க வேண்டும். கோப்பை ஏற்றி, மெஷ் (ஓட்டப் பகுதியைச் செல் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போட்டு, ஓடவிட்டால் முடிந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அந்த நம்பிக்கையோடு இறங்கிப் படாத பாடு பட்டபின் எழுதும் வழிகாட்டி இது. புதிதாக வருகிறவர்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். கணக்கிடும் சால்வர் உங்கள் மாதிரியில் உள்ள பிழையைச் சொல்லாது. அளவு ஆயிரம் மடங்கு தவறாக இருந்தாலும் ஓடும், முடிவு தரும், அழகான வண்ணப் படமும் தரும். ஆகவே ஒவ்வொரு படியையும் சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிடத்தில் பிடிபடக்கூடிய பிழை கடைசியில் பிடிபட்டால், இடையில் செய்த வேலை அத்தனையும் வீண்.

எடுத்துக்காட்டுகளை, கட்டணமில்லாத பாய்மக் கணிப்பு மென்பொருளான ஓபன்ஃபோமை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருளைப் பயன்படுத்தினாலும் வேலையின் வரிசை மாறாது.

1. கோப்பு வருவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியவை

மாதிரி தருகிறவரிடம் "கோப்பை அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால், அவருக்கு எது எளிதோ அதை அனுப்புவார். பெரும்பாலும் அது எஸ்டிஎல் கோப்பாக இருக்கும். நீங்கள் ஸ்டெப் கோப்பைக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 10303 தரத்தில் அமைந்த ஸ்டெப், வளைந்த பரப்பை வளைவாகவே வைத்திருக்கும். எந்த அலகில் வரைந்தார்கள் என்பதும் அதற்குள் பதிவாகியிருக்கும். எஸ்டிஎல்லில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. அலகு இல்லை. ஒருமுறை முக்கோணமாகிவிட்ட பரப்பிலிருந்து பழைய வளைவைத் துல்லியமாக மீட்க வழியில்லை. ஐஜெஸ் என்னும் பழைய பரிமாற்ற வடிவத்தில் கோப்பு வந்தால் ஏற்கலாம், ஆனால் அதில் பரப்புகள் தனித்தனித் துண்டுகளாக வந்து ஓரங்கள் ஒட்டாமல் நிற்பது வழக்கம். தைக்கும் வேலைக்குக் கூடுதலாக ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

கோப்போடு சேர்த்து இவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்:

- முக்கிய அளவுகள் குறித்த வரைபடம். முழு நீளம், உள்வாயின் விட்டம், வெளிவாயின் விட்டம் என மூன்றாவது இருக்க வேண்டும்.
- இது எந்தத் திருத்தம் என்ற எண்ணும் தேதியும்.
- பாய்மம் எது, எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, எவ்வளவு ஓடுகிறது, வெப்பநிலை என்ன.
- மாதிரியைப் பயன்படுத்துவதற்கான அனுமதி.

கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகளுக்கும் உரிம நிபந்தனை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை இருக்கிறது. மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது என்னும் வகையும் இருக்கிறது. இரண்டாவது வகையில் வரும் மாதிரியை நீங்கள் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் இன்னொருவருக்குத் தர முடியாது. உலாவியிலேயே கணிப்புச் செய்துதரும் சேவைகளில் இலவசக் கணக்குத் திறக்கும்போதும் கவனம் தேவை. சிலவற்றில் நீங்கள் ஏற்றும் மாதிரி பொதுவில் எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் வடிவமைப்பை அங்கே ஏற்றுவதற்கு முன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

2. அலகையும் இருப்பிடத்தையும் சரிபாருங்கள்

இந்தத் துறையில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது அலகுதான். வடிவமைப்பாளர் மில்லிமீட்டரில் வரைகிறார். எஸ்டிஎல் வெறும் எண்ணை மட்டும் எடுத்துச் செல்கிறது. ஓபன்ஃபோம் அந்த எண்ணை மீட்டராகப் படிக்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள காற்றுக்குழாய் 300 மீட்டர் சுரங்கமாகிவிடுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று ஓடினால் உண்மையான ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) ஏறக்குறைய 2 லட்சம்; தவறான அளவில் அது 20 கோடி. இரண்டுமே கொந்தளிப்பு ஓட்டம் என்பதால் படங்களைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. ஓபன்ஃபோமின் சர்ஃபேஸ்செக் கட்டளையை ஓட்டினால் மாதிரியின் மிகச்சிறிய, மிகப்பெரிய ஆயத்தொலைவுகளைக் காட்டும். வரைபடத்தில் உள்ள முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஆயிரம் மடங்கு வேறுபட்டால் மில்லிமீட்டர், 25.4 என்ற எண் எங்காவது எட்டிப் பார்த்தால் அங்குலம். சர்ஃபேஸ்டிரான்ஸ்ஃபார்ம்பாயின்ட்ஸ் கட்டளையில் 0.001 என்ற அளவுகோலைக் கொடுத்து மாற்றி, புதிய கோப்பின் பெயரிலேயே "மீட்டர்" என்று சேர்த்துவிடுங்கள். பெயரில் இல்லாவிட்டால், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும்போது இரண்டாம் முறையும் 0.001 ஆல் பெருக்கிவிட வாய்ப்புண்டு.

மாதிரி எங்கே இருக்கிறது என்பதையும் அதே வெளியீட்டில் பாருங்கள். பைனரி எஸ்டிஎல் ஒவ்வோர் ஆயத்தொலைவையும் 32 பிட் எண்ணாகச் சேமிக்கிறது. அதில் ஏறக்குறைய ஏழு இலக்கங்களைத்தான் நம்பலாம். நில அளவை ஆயத்தொலைவுகளில் வரைந்த கட்டடத்தின் வடக்கு அளவு 40 லட்சம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 32 பிட் எண்கள் 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத்தான் வரும். சன்னலின் விளிம்பும் சுவரின் மூலையும் அந்தப் படிகளுக்கு இழுபட்டு, நேர்க்கோடுகள் பல்வரிசையாகத் தெரியும். எஸ்டிஎல்லாக ஏற்றுமதி செய்வதற்கு முன்பே மூல மென்பொருளில் மாதிரியை ஆதிப்புள்ளிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஏற்றுமதிக்குப் பிறகு நகர்த்துவதால் பயனில்லை, துல்லியம் அதற்குள் போயிருக்கும்.

மேல்நோக்கிய அச்சு எது என்பதையும் பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்களுக்கு அது இசட், சிலவற்றுக்கு ஒய். புவியீர்ப்பு தேவைப்படும் கணிப்பில் இது பிசகினால் நீர் பக்கவாட்டில் விழும்.

3. உங்களுக்கு வேண்டியது உலோகமா, உள்ளிருக்கும் வெற்றிடமா?

வால்வு ஒன்றின் மாதிரி வந்தால் அதில் இருப்பது உலோகம். நீர் ஓடுவது அதன் உட்குழிவில். கணிப்புக்கு வேண்டியது அந்தக் குழிவின் வடிவம். ஃப்ரீகேட் போன்ற வரைவு மென்பொருளில் வால்வின் வாய்களை மூடி, முழுவதையும் உள்ளடக்கும் ஒரு திடக்கட்டியை வரைந்து, பூலியன் கழித்தலால் (ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றை வெட்டியெடுக்கும் கட்டளை) வால்வை அதிலிருந்து நீக்குங்கள். மிஞ்சுவதில் வெளிப்புறத் துண்டை அழித்துவிட்டால் உட்துண்டுதான் உங்கள் பாய்மப் பகுதி. கழித்தலுக்குப் பின் ஒரே துண்டு வந்தால், எங்கோ ஒரு வாய் சரியாக மூடவில்லை என்று பொருள்.

இந்தக் கட்டத்திலேயே உள்வாயையும் வெளிவாயையும் நீட்டிவிடுங்கள். வெளிவாய் வளைவுக்கு மிக அருகில் இருந்தால் ஓட்டம் திரும்பி உள்ளே வந்து கணிப்பைக் குலைக்கும். வெளிவாய்ப் பக்கம் விட்டத்தின் பத்து மடங்கு வரை நேர்க்குழாய் கொடுப்பது நல்லது.

கட்டடம், வாகனம் போன்றவற்றைச் சுற்றிய ஓட்டமானால் பொருளைத் திடமாகவே வைத்துக்கொண்டு சுற்றிலும் பெட்டி போட வேண்டும். கட்டடங்களுக்கு முன்புறம் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு, பின்புறம் பதினைந்து மடங்கு, பெட்டியின் குறுக்குப் பரப்பில் பொருள் அடைக்கும் பங்கு 3 சதவீதத்துக்குள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

4. நீக்க வேண்டியதும் நீக்கக் கூடாததும்

உற்பத்திக்காக வரைந்த மாதிரியில் மறை, திருகு, பொறித்த எழுத்து, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் போடப்போகும் செல்லைவிடச் சிறியதாக இருந்தால் நீக்கிவிடுங்கள். திருகின் மறையை மெஷ் பின்தொடர முயன்றால் லட்சக்கணக்கான செல்கள் அங்கேயே போய்விடும்.

ஆனால் சிறியதெல்லாம் தேவையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். தொட்டியிலிருந்து குழாய்க்குள் நீர் நுழையும் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கூராக இருந்தால் இழப்புக் கெழு (அங்கே எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்று காட்டும் எண்) சுமார் 0.5, நன்கு உருட்டிவிட்ட விளிம்பானால் 0.04 அளவுக்கு இறங்கிவிடும். "சின்ன வளைவுதானே" என்று தானியங்கிக் கருவியால் அதை அழித்தால், அந்த இடத்தின் அழுத்த இழப்பு பத்து மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. எல்லா உருட்டல்களையும் ஒரே சொடுக்கில் நீக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டம் பிரியும் விளிம்பு, இறக்கையின் பின்முனை, வளைவின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் கையால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

5. முக்கோணமாக்கும்போது தரத்தை நீங்களே தீர்மானியுங்கள்

ஸ்டெப்பிலிருந்து எஸ்டிஎல்லுக்கு மாற்றும்போது மென்பொருள் ஒரு விலகல் அளவைக் கேட்கும்; முக்கோணங்கள் உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதே அது. பலர் இருப்பதை அப்படியே விட்டு அழுத்திவிடுகிறார்கள். விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வட்டக் குழாயை உள்ளே வரைந்த 12 பக்கப் பலகோணமாக மாற்றினால் குறுக்குப் பரப்பு 4.5 சதவீதம் குறைகிறது. அதே அளவு நீரைச் செலுத்தினால் வேகம் 4.7 சதவீதம் கூடும்; அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிச் செல்வதால் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும். 36 பக்கமானால் பரப்பில் குறைவு அரை சதவீதம். 72 பக்கமானால் 0.13 சதவீதம். குழாய்களுக்கு 72க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் முக்கோணங்களால் பெரிய சுமை வராது. பைனரி எஸ்டிஎல்லில் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். பத்து லட்சம் முக்கோணங்கள் 50 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

6. ஓட்டை இல்லாமல் மூடுங்கள்

மூடிய பரப்பில் ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொதுவாக இருக்கும். ஒன்றுக்கு மட்டும் சொந்தமானால் அங்கே ஓட்டை. மூன்றுக்குச் சொந்தமானால் உள்ளே தேவையற்ற தடுப்பு. முப்பரிமாண வடிவங்களைத் திருத்தும் பிளெண்டரில் இப்படிப்பட்ட விளிம்புகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும் வசதி உண்டு, மெஷ்லேப்பிலும் உண்டு. சர்ஃபேஸ்செக் கட்டளையும் பரப்பு மூடியிருக்கிறதா என்று சொல்லும்.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, தானியங்கிப் பழுதுபார்ப்பு. ஓட்டையை அடைக்கச் சொன்னால் அது குழாயின் வாயையும் ஓட்டையாக எண்ணி அடைத்துவிடும். இரண்டாவது, முழுப் பரப்பையும் போர்த்தி மறுபடி உருவாக்கும் கருவிகள். ஓட்டை நிச்சயம் மறையும், கூரான விளிம்புகளும் சேர்ந்து மழுங்கும். மூன்றாவதுதான் கண்ணில் படாதது. தனித்தனியே மூடிய இரண்டு உடல்கள் ஒன்றையொன்று ஊடுருவி நின்றாலோ, மயிரிழை இடைவெளியோடு அருகருகே நின்றாலோ "மூடியிருக்கிறது" என்ற விடைதான் வரும். பல பாகங்கள் சேர்ந்த மாதிரியானால், முக்கோணமாக்கும் முன்பே பூலியன் கூட்டலால் ஒரே உடலாக்கிவிடுங்கள்.

ஸ்டெப் கோப்பு கையில் இருக்கும்வரை பழுதை அங்கேயே சரிசெய்யுங்கள். முக்கோணங்களைக் கையால் ஒட்டுவது வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை. ஓபன்ஃபோமின் மெஷ் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: செல்லைவிடச் சிறிய ஓட்டையை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை மெஷ்ஷை நுணுக்கும்போது அதே ஓட்டை வழியாக மெஷ் உள்ளே கசிந்துவிடும்.

7. எல்லைகளுக்குப் பெயர் வையுங்கள்

உள்வாய், வெளிவாய், சுவர் ஆகியவற்றைத் தனித்தனிப் பரப்பாகப் பிரித்துப் பெயரிட்டால்தான் எல்லை நிபந்தனைகளைக் கொடுக்க முடியும். எழுத்து வடிவ எஸ்டிஎல்லில் ஒவ்வொரு துண்டும் தன் பெயரோடு தொடங்கும்; பல துண்டுகளை ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைக்கலாம். பைனரியில் இந்தப் பிரிவு போய்விடும். பெயர்களில் இடைவெளி வேண்டாம்.

8. மெஷ்

ஓபன்ஃபோமுக்கு இரண்டு கிளைகள் இருக்கின்றன. கட்டளைகளின் பெயர்களும், அமைப்புக் கோப்பின் சொற்களும், எஸ்டிஎல் வைக்க வேண்டிய அடைவும் இரண்டிலும் வேறுபடுகின்றன. ஒரு கிளையின் பயிற்சிக் கோப்பை மற்றொன்றில் ஓட்டிவிட்டு, மாதிரியில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மாதிரிக்கு ஏற்ப நுணுக்குவதற்கு முன் முழு இடத்தையும் நிரப்பும் பின்னணி மெஷ்ஷின் செல்களைக் கனசதுரமாக வையுங்கள். நுணுக்க நிலை ஒன்று கூடும்போது செல்லின் பக்கம் பாதியாகும். 100 மில்லிமீட்டரில் தொடங்கினால் மூன்றாம் நிலையில் 12.5 மில்லிமீட்டர், ஐந்தாம் நிலையில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் குழாயின் குறுக்கே பதினைந்து செல்லாவது வேண்டுமானால் ஐந்தாம் நிலைக்குப் போயாக வேண்டும். குறுகிய இடைவெளிகளைத் தேடிப் பார்த்து, குறைந்தது நான்கைந்து செல்கள் விழும்படி செய்யுங்கள்.

பாய்மம் இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு புள்ளி கொடுப்பீர்கள். அது செல்லின் முகப்பில் விழக் கூடாது, 0.1 என்பதற்குப் பதில் 0.1037 போன்ற எண்ணைக் கொடுங்கள். கூரான விளிம்புகளைத் தனியே பிரித்தெடுக்கும் படியைத் தாண்டிப் போகாதீர்கள், தாண்டினால் மூலைகள் கடித்தது போலிருக்கும்.

சுவரை ஒட்டி அடுக்கும் மெல்லிய செல் படலங்களுக்கு ஓர் அளவு தருகிறேன். மேலே சொன்ன 300 மில்லிமீட்டர் குழாயில், ஒய் பிளஸ் (முதல் செல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஓட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் அலகில்லா எண்) மதிப்பு 30 வர வேண்டுமானால் முதல் செல்லின் மையம் சுவரிலிருந்து சுமார் 1 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். அதையே 1 ஆக்க நினைத்தால் 0.03 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். சுவர்ச் சார்புகளை (சுவரோர ஓட்டத்தை நுண்செல்களால் கணக்கிடாமல் வாய்பாட்டால் மதிப்பிடும் முறை) பயன்படுத்துகிறவர்கள் 30 முதல் 300 வரை வைத்துக்கொண்டால் போதும். புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

முடிந்ததும் மெஷ்ஷின் தரத்தைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டுங்கள். செங்குத்தின்மை (அடுத்தடுத்த செல் மையங்களை இணைக்கும் கோடு இடையிலுள்ள முகப்புக்குச் செங்குத்திலிருந்து விலகும் கோணம்) 70 பாகைக்கு மேல் போனால் எச்சரிக்கும். எந்த இடத்தில் என்று, முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் படி 4 அல்லது 6இல் விட்டுவைத்த ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

9. செலவும் நேரமும்

ஓபன்ஃபோம், ஃப்ரீகேட், பிளெண்டர், மெஷ்லேப், பாராவியூ ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. வணிக மென்பொருள்களில் மாணவர் பதிப்புக்குச் செல் எண்ணிக்கையில் வரம்பு இருக்கும். முழு உரிமங்கள் சில, பயன்படுத்தும் கோர்களுக்கு ஏற்பவும் கட்டணம் கேட்கும். வாங்கும் முன் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

உண்மையான செலவு கணினியிலும் உங்கள் நேரத்திலும்தான். பத்து லட்சம் செல்லுக்கு ஒன்று முதல் இரண்டு கிகாபைட் நினைவகம் என்று போட்டுக்கொள்ளுங்கள். செல்லின் பக்கத்தை எங்கும் பாதியாக்கினால் செல்கள் எட்டு மடங்கு. நேரத்தோடு மாறும் ஓட்டமானால் கால அடியும் பாதியாகும், வேலை பதினாறு மடங்கு. இன்று ஒரு மணி நேரத்தில் முடிவது அப்போது பதினாறு மணி நேரம். கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறவர்கள் இந்தப் பெருக்கலை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். நேரத்தோடு மாறும் ஓட்டத்தில் ஒவ்வொரு கால அடியையும் சேமித்தால் வட்டும் நிரம்பிவிடும்.

உங்கள் நேரத்தைப் பொறுத்தவரை, முதல் மாதிரிக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் பாதிக்கு மேல் படி 2 முதல் 6 வரையிலேயே கழியும். கெடு கொடுக்கும் மேலாளரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

10. முதல் ஓட்டம்

பெரிய செல்கள் கொண்ட பரும்படியான மெஷ்ஷில், முதல் வரிசைத் துல்லியத்தில் (துல்லியம் குறைவான, ஆனால் எளிதில் நிலைகுலையாத கணக்கீட்டு முறை) சில நூறு சுற்றுகள் ஓட்டுங்கள். முடிவை நம்புவதற்காக அல்ல, அமைப்பைச் சோதிப்பதற்காக. உள்ளே போன பாய்மத்தின் அளவும் வெளியே வந்ததும் ஒத்துப்போகிறதா? ஓட்டம் நீங்கள் எதிர்பார்த்த வாய் வழியாகத்தான் வெளியேறுகிறதா? சுவரென்று எண்ணிய இடத்தில் வேகம் சுழியா? ஒய் பிளஸ் வரம்புக்குள் இருக்கிறதா? நான்கும் சரியென்றால் மெஷ்ஷை நுணுக்கி, மூன்று வெவ்வேறு அளவுகளில் ஓட்டுங்கள். ஒன்றுக்கொன்று செல்லின் பக்கம் 1.3 மடங்காவது வேறுபட வேண்டும். அழுத்த இழப்போ இழுவை விசையோ, உங்களுக்கு வேண்டிய எண் கடைசி இரண்டிலும் ஏறக்குறைய நின்றுவிட்டால்தான் அதை அறிக்கையில் எழுதலாம்.

11. அடுத்த திருத்தத்துக்குத் தயாராக இருங்கள்

மாதிரியின் புதிய திருத்தம் எப்படியும் வரும், அதுவும் நீங்கள் எல்லாம் முடித்த பிறகே வரும். வந்த மூலக் கோப்பின் மேல் எதையும் எழுதாமல் தனி அடைவில் வையுங்கள். எந்த அளவுகோலில் மாற்றினீர்கள், எவற்றை நீக்கினீர்கள், முக்கோண விலகல் எவ்வளவு, எந்தப் புள்ளியைக் கொடுத்தீர்கள், மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தேதியோடு குறித்து, மூலக் கோப்பின் பக்கத்திலேயே வையுங்கள். மாற்றும் கட்டளைகளை ஒரே நிரலாக எழுதி வைத்துவிட்டால், புதிய ஸ்டெப் கோப்பு வரும் நாளில் அளவு சரிபார்ப்பிலிருந்து முதல் ஓட்டம் வரை அன்றைக்கே முடித்துவிடலாம்.